டால்டா டின்னில் பூத்த எச்சியம்

வகுப்பில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதை நம் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு மாட்னி ஷோவில் வாத்தியார் கண்ணில் பட்டது, வீட்டுப்பாட நோட்டை மாடு தின்றுவிட்டது என்று சாதித்தது, இப்படி ஏதாவது. உண்மையைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்ட கதை உங்களிடம் உண்டா? என்னிடம் ஒன்று இருக்கிறது. முட்டிவலித் தைலமும் கையுமாக நடமாடும் இந்த வயதிலும் அதைச் சொல்லத் தொடங்கினால் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் நான் பெரிய புளுகுணி.

திருநெல்வேலியிலிருந்து நாங்கள் வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தி.நகரில் உறவுக்காரர் வைத்திருந்த பாத்திரக் கடையில் அப்பாவுக்கு வேலை. அடையாற்றில் வாடகை வீடு. அந்தக் காலத்து அடையாறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: வீட்டுக்கு வீடு காம்பவுண்டு, காலை வைத்தால் புதையும் மணல், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் உப்புக் காற்று. பள்ளிக்கூடம் மட்டும் மயிலாப்பூரில். அக்கா அங்கே படித்து முடித்துக் கல்லூரிக்குப் போயிருந்ததால் என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

வகுப்பில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். "சொல்லுதேன்", "வாரேன்" என்று நான் பேசுவதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். நான் என்ன சொல்ல வருகிறேன் என்று யாருக்கும் அக்கறை இல்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஏனென்று தெரியாமல், "எங்க வீட்டுக் கொல்லைல ஒட்டகம் இருக்கு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பத்துப் பேர் டிபன் பாக்ஸோடு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பிடித்த ருசி. பிறகு துறைமுகத்தில் அப்பாவுக்கு ஒரு கப்பல் நின்றது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தை நானும் ஒரு கை பிடித்துக் கயிறு கட்டி இழுத்தேன்.

எங்கள் வகுப்பு டீச்சர் நல்லவர்தான். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒல்லியான உடம்பு, அதிர்ந்து பேசாத குரல். பொய் மட்டும் அவருக்கு ஆகாது. அரைப் பரீட்சை மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட வந்த அப்பாவிடம், "உங்க கப்பல் எப்ப சார் கிளம்புது?" என்று அவர் கேட்டபோது, அப்பா திருதிருவென்று விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து கடைசி பெஞ்சுதான் என் இடம். இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் புளுகுகிறது என்று பள்ளியிலும் வீட்டிலும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எத்தனை புளுகு என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி பெஞ்சுக்குப் போனது அரைப் பரீட்சைக்குப் பின்னால். விதை வந்தது அதற்கு முன்னால், அந்த வருஷம் தீபாவளி முடிந்த வாரம்.

அப்போதெல்லாம் கல்லூரிப் பெண்கள் பேனா நண்பர் வைத்துக்கொள்வது பெரிய மோகம். அக்காவுக்கு இங்கிலாந்தில் ஒரு பெண் கடிதம் எழுதுவாள். அந்தத் தடவை வழக்கமான நீலக் காகிதக் கடிதத்துக்குப் பதிலாகத் தடித்த பழுப்பு உறை வந்தது. அக்கா கெட்டில் ஆவியில் உறையைக் காட்டி ஸ்டாம்பை உரித்து எடுப்பதிலேயே குறியாக இருந்தாள். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"ஏதோ பூ விதையாம். நீ வேணா வச்சுக்கோ."

பொட்டலத்தின் மேல் கோணல் எழுத்தில் ஒரு பெயர். அக்கா எழுத்துக்கூட்டி, "எச்சியம்" என்றாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "எச்சிலா? என்ன பேருட்டி இது, சவம்!"

உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். கறுப்பும் பழுப்புமாக, மூன்று பட்டையாக, சுருக்கம் விழுந்து, மூக்கு நுனி மட்டும் கூராக. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பாம்புத் தலை. விதை இப்படியும் இருக்குமா என்று தோன்றியது. கத்தரி விதை, மிளகாய் விதை எல்லாம் பார்த்திருக்கிறேன். எதற்கும் முகம் இருந்ததில்லை.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவைத் துளைத்தெடுத்தேன். முழங்கால் உயரம் வளருமாம். நீலமாகப் பூக்குமாம். ஒரு தடவை போட்ட இடத்தில் இருந்து பிடுங்கி நட்டால் பிடிக்காதாம். தேனீக்கு ரொம்பப் பிடிக்குமாம். அதற்கு மேல் படிக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை.

காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு பாத்தி கொத்தினேன். பிள்ளை ஆசையாகச் செய்கிறதே என்று அம்மா பால்காரர் வீட்டிலிருந்து ஒரு கூடை மாட்டெரு வாங்கி வந்து கொட்டிக் கலந்து கொடுத்தாள். பாத்தி நிறைந்த பிறகு மூன்று விதை மிஞ்சியது. சமையலறையில் காலியாகக் கிடந்த ஒரு டால்டா டின்னை எடுத்தேன். மஞ்சள் டின், பச்சைப் பனைமரம், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். எரு தீர்ந்துவிட்டதால் பக்கத்து மனையில் வீடு கட்டக் குவித்திருந்த மணலை வாரிப் போட்டு, மேலே கொஞ்சம் தோட்டத்து மண்ணைத் தூவி, மூன்றையும் அதில் ஊன்றினேன்.

எட்டாம் நாள் பாத்தியில் முளைத்தது. பத்தாம் நாள் டின்னில் ஒன்றே ஒன்று.

அதை வகுப்பில் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? "இங்கிலாந்துல இருந்து விதை வந்திருக்கு. எங்க தோட்டத்துல முளைச்சிருக்கு. நீலமா பூக்கும்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது. வகுப்புத் தலைவி, அவளும் அடையாறுதான், இரண்டு தெரு தள்ளி வீடு, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்:

"எவ்ளோ உயரம் வளரும்?"

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ருசி நாக்கில் ஊறியது.

"என் உயரம்" என்றேன்.

பெயர் கேட்டார்கள். எச்சியம் என்றேன். அவ்வளவுதான், வகுப்பே உருண்டு சிரித்தது. "எச்சில் செடி! எச்சில் செடி!" என்று அன்று முழுக்க ஒரே கூச்சல். அரைப் பரீட்சை முடிந்து, கப்பல் விஷயமும் உடைந்த பிறகு, டீச்சர் காதுக்கும் இது போனது. அலுத்துப்போன ஒரு சிரிப்போடு என்னைப் பார்த்தார்.

"ஒட்டகம் போய், கப்பல் போய், இப்ப செடியா? சரி. பூக்கட்டும். பூத்த அன்னைக்குப் பார்க்கலாம்."

இதற்கிடையில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்திருந்தது. பாத்தியில் தண்ணீர் தேங்கி, எருவில் கொழுகொழுவென்று வளர்ந்த நாற்றுகள் வரிசையாக அழுகின. பாதிக்குப் பாதி போயிற்று. டின்னில் இருந்த என் ஒற்றைச் செடியும் மஞ்சளடித்துத் தலை சாய்ந்தது. வாசல் படியில் டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

ஊரூர்க் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற மீன்காரம்மா அப்போதுதான் கூடையை இறக்கினாள். முப்பது வயது இருக்கும். வெற்றிலைச் சிவப்பு வாய், தெருமுனை வரை கேட்கும் குரல்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது?"

"செடி சாவப்போவுது."

அவள் டின்னைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்தாள். "ஓட்டையே இல்லாங்காட்டி தண்ணி எங்க போவும்? நீ நாள்பூரா இடுப்பளவு தண்ணில நின்னுகினு இருந்தா இன்னா ஆவ?" சொல்லிக்கொண்டே மீன் வெட்டும் கத்தி முனையை அடியில் வைத்து, கல்லால் நாலு தட்டு. நாலு ஓட்டை. குபுகுபுவென்று தண்ணீர் வடிந்தது.

"இது இன்னா செடி?"

"இங்கிலாந்துச் செடி. நீலமாப் பூக்கும்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"அப்ப சரி" என்று கத்தியைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்கு மீன் எடுத்துப் போட ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை. சொன்னதை ஒரு ஆள் அப்படியே எடுத்துக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. வெகுநேரம் அவள் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்கழி வெயிலில் டின் செடி தேறியது. இலை நீள நீளமாக, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுணை. தடவினால் பூனை நாக்குபோல் சொரசொரக்கும். அழுத்திப் பிடித்தால் கை அரிக்கும். பாத்தியில் மழைக்குத் தப்பிய ஏழு செடியும் ஆளுக்கொரு கூடை இலையோடு மளமளவென்று பரவின. டின் செடி அவற்றில் கால்வாசிதான் இருக்கும். அதனால் என் நம்பிக்கை எல்லாம் பாத்தி மேல்தான்.

போகியன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். பாத்தி வெறுமையாக இருந்தது. கொத்திப் புரட்டி, தண்ணீர் தெளித்து, கோலப்பொடிகூடத் தூவியிருந்தது.

"ஒன் செடிதான் மழைல அழுகிப் போச்சுல்லா, களையெல்லாம் பிடுங்கித் துப்புரவாக்கிட்டேன்" என்றாள் அம்மா சந்தோஷமாக. "எப்படி மண்டிக் கிடந்துது, பாத்தியா!"

"அதான்மா என் செடி!"

"அதுவா? ஏட்டி, அது கழுதைத்தும்பைல்லா? எங்க ஊர்க் காட்டுல கழுதைகூட மோந்து பாக்காது. அதையா இத்தன நாளு தண்ணி ஊத்தி வளத்த?"

கத்தினேன், தரையில் புரண்டேன். பிடுங்கியவை தெருமுனைக் குப்பையோடு குப்பையாகப் போயிருந்தன. அம்மாவைப் பொங்கல் முடிகிற வரை மன்னிக்கவில்லை. இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. இந்தச் செடியைப் பற்றிப் பிற்பாடு தேடிப் படித்தபோது, எரு கூடினால் வெறும் இலையாகவே ஓடிவிடும், பூக்காது என்று தெரிந்துகொண்டேன். ஏழை மண்தான் அதற்கு வேண்டும். அம்மா அன்பாகக் கொடுத்த எருவிலேயே பாத்தியின் கதை முடிந்திருந்தது. அவள் சொன்ன கழுதைத்தும்பையும் முழுத் தப்பில்லை. அது இந்தச் செடிக்கு ஒன்றுவிட்ட சொந்தமாம். அம்மா உயிரோடு இருந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம்.

மீன்காரம்மா கூடையை வைக்கும் மூலையில், குழாயடிக்குப் பின்னால் இருந்ததால் டின் அம்மா கண்ணில் படவில்லை. தப்பித்தது.

தை கடைசியில் அதன் நடுவிலிருந்து தண்டு எழும்பியது. நுனி நத்தை ஓடுபோலச் சுருண்டிருந்தது. சுருள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ அவிழ, உள்ளே வரிசையாக மொட்டு. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போய் வகுப்பில் சொன்னேன். டீச்சர் வகுப்புத் தலைவியைப் பார்த்தார்.

"நீ அந்தப் பக்கம்தானே? ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மொட்டுகள் முனை காட்டியிருந்தன. அந்த முனை நல்ல ரோஸ் கலர். குங்குமப்பூப் பாலில் நனைத்தது மாதிரி ரோஸ். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்:

"ரோஸ் கலர், டீச்சர். இவ்ளோதான் உயரம்."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு காகிதத்தில் அப்பாவுக்குக் கடிதம் எழுதி மடித்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கடைக்கு வார விடுமுறை என்பதால் அப்பா திங்கள் சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். படித்தார். அப்பா அதிகம் பேசாதவர். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"இந்த வருஷப் பரீட்சை முடியட்டும். பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல கொண்டு விட்டுருவோம். அங்கன கண்டிப்பு உண்டு. இங்கன வச்சு நம்மால ஆவாது."

அக்காதான், "அப்பா, விதை வந்தது நெசம்ப்பா, நான்தான் குடுத்தேன்" என்றாள்.

"விதை வந்தா? அது மேல இவ எத்தன அளந்து வச்சிருக்கா, தெரியுமா?"

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கடைசித் தடவையாகப் பார்த்துவிட்டுப் பிடுங்கி எறிந்துவிடுவது என்று குழாயடிக்குப் போனேன். சுருளின் அடியில் ஐந்து பூ விரிந்திருந்தது. சின்னச் சின்ன ஊதுகுழல் போல. ஐந்தும் நீலம்.

எந்த நீலம் என்று எப்படிச் சொல்ல? நம் பேனாவில் ஊற்றிய ராயல் ப்ளூ மை இருக்கிறதே, அதை வெயிலுக்கு எதிரே பாட்டிலோடு தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அது. மேலே இன்னும் விரியாத மொட்டெல்லாம் ரோஸ். நடுவில் அரைகுறையாக விரிந்த ஒன்று ஊதா. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு புரிந்தது. மொட்டு ரோஸ். விரிய விரிய நீலம். அவள் பார்த்ததும் சரி. நான் சொன்னதும் சரி!

ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு அக்காவை எழுப்ப ஓடினேன். அவள் கண்ணைத் திறப்பதற்குள் பூ என் கைச்சூட்டில் சுருண்டு நனைந்த காகிதமாகிவிட்டது. பறித்துக்கொண்டு போய்க் காட்ட முடியாது. அப்படியென்றால் டின்தான் போக வேண்டும்.

குளித்து, யூனிபார்ம் போட்டு, பையை முதுகில் மாட்டி, டின்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டேன். ஈர மணல் டின் கல்லாகக் கனத்தது. பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்தேன். கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"செடியெல்லாம் ஏத்தக் கூடாதும்மா. கூட்டத்துல யார் கண்ணையாவது குத்தும். இறங்கு."

அடுத்த பஸ்ஸிலும் அதுவேதான். மூன்றாவது நிற்கவே இல்லை. பிள்ளைகள் எல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். முதல் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. கை அரித்துச் சிவந்து தடித்துவிட்டது. நடந்தே போய்விடுவது என்று பாலத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

பின்னால் பெல் சத்தம். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னால் பலகையில் நாலைந்து கூடையும் மூன்று பெண்களும். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். நடுவில் எங்கள் மீன்காரம்மா. மிதிக்கிறவர் அவள் தம்பி.

"அடியே, நம்ம பாப்பா! இத்தத் தூக்கிகினு எங்க போற?"

"ஸ்கூலுக்கு. பஸ்ல ஏத்த மாட்டேங்கிறாங்க."

அவள் டின்னைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். "ஐய, நீலம்டி!" என்று பக்கத்துப் பெண்ணை இடித்தாள். "இது சொல்லிச்சிடி எனக்கு, மழக் காலத்துலயே சொல்லிச்சி! டேய் நைனா, நிறுத்துடா. கூடைய நவுத்துங்கடி. ஏறு கண்ணு."

நான் சவாரி போன வாகனங்களிலேயே அந்த மீன்பாடி வண்டிக்கு ஈடு ஒன்றும் இல்லை. அடையாறு பாலத்தில் முகத்துவாரத்துக் காற்று ஆளைத் தள்ளியது. செடியைச் சுற்றி நான் பாவாடையை விரித்துப் பிடிக்க, இரண்டு பக்கமும் அவர்கள் முந்தானையை மறைப்பாகப் பிடித்தார்கள். மேட்டில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. "மிதிடா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது புள்ளைக்கி!" என்று மூன்று பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். வஞ்சிரக் கூடையின் ஐஸ் தண்ணீர் என் காலில் வழிந்தது. மந்தைவெளியில் இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. மயிலாப்பூரில் பள்ளிக்கூட கேட்டுக்கு நேர் எதிரே கொண்டுபோய்த்தான் நிறுத்தினார்கள். பிரேயர் முடிந்து வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பார்த்தது.

வகுப்பில் டீச்சர் மேஜைமேல் டின்னை வைத்தேன்.

"பூத்துருச்சு, டீச்சர்."

முன்வரிசைப் பெண்கள் மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். வகுப்புத் தலைவி எழுந்தாள், முகம் வெளுத்துவிட்டது.

"நான் பாத்தப்ப ரோஸ்தான், டீச்சர். சத்தியமா."

"அவ சொன்னதும் நெசம்தான், டீச்சர்" என்றேன். "மொட்டு ரோஸ். விரிஞ்சா நீலம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "இங்க் தடவியிருப்பா டீச்சர்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கைக்குட்டை நுனியை நனைத்து ஒரு பூவை மெல்லத் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பிறகு புடவைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவி, அப்போதுதான் வாய் திறக்கத் தொடங்கியிருந்த ஒரு ரோஸ் மொட்டின் காம்பில் தளர்வாகக் கட்டினார். டின்னை ஜன்னல் வெயிலில் வைத்தார்.

"தலைவி, நீ இது பக்கத்துல உட்காரு. யாரும் தொடக் கூடாது. இவளும்தான். என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

கணக்குப் பாடம் யார் காதிலும் ஏறவில்லை. நாற்பத்தைந்து பெண்களும் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பீரியடில் மொட்டு விரிந்தது, ரோஸாகவே. இன்றைக்கென்று பார்த்து மாறாமல் இருந்துவிட்டால்? மூன்றாம் பீரியடில் ஜன்னல் வழியாக ஒரு தேனீ வந்தது. நாலு பேர் வீல் என்று கத்தி பெஞ்சு மேல் ஏறினார்கள். "யாரும் அசையாதீங்க" என்றார் டீச்சர். அது அறையை ஒரு சுற்றுச் சுற்றி, நேராகப் போய் நீலப் பூ ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுவிட்டு வந்த வழியே போயிற்று. பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரே புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வகுப்புத் தலைவிதான் முதலில் கத்தினாள்.

"டீச்சர், ஊதா! இல்ல, நீலம்! நீலம் டீச்சர்!"

எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஜன்னலுக்கு ஓடினோம். நூல் கட்டிய பூ நீலமாக நின்றது. போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து தலைமை ஆசிரியை வந்து, "என்ன இங்க சந்தைக்கடை?" என்றார். எங்கள் டீச்சர் எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு சொன்னது உண்மை மேடம். நான்தான் நம்பாம வீட்டுக்குக் கடுதாசி எழுதிட்டேன். தப்பு என்னுது."

ஒரு டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அதற்குள் தலைவி, அவளுக்குக் கடமை கடமைதான், ஸ்கேலை வைத்து அளந்துவிட்டாள். "ஒன்றரை அடி, டீச்சர்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "உன் உயரம்னு சொன்னியே?"

'இன்னும் வளரும் டீச்சர்' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். பூவைப் பார்த்தேன். அதற்கு என் புளுகு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"உயரம் மட்டும் பொய், டீச்சர்" என்றேன்.

முதலில் சிரித்தது டீச்சர்தான். வாய்விட்டுச் சிரித்தார். முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். பிறகு வகுப்பு சிரித்தது, தலைமை ஆசிரியை சிரித்தார், நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டீச்சரே என்னோடு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் வாயைத் திறக்குமுன், "டிக்கெட் ரெண்டு, அடையாறு" என்று சொல்லி, டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அகராதியில் பார்த்தாராம்; எக்கியம் என்று சொல்ல வேண்டுமாம். "எச்சியமே இருக்கட்டும். அதுதான் நல்லா இருக்கு" என்றார். இறங்கும்போது அவர் முழங்கையும் சிவந்து தடித்திருந்தது.

வாசலில் அம்மா, அக்கா, அப்பா மூவரும் கவலையோடு நின்றிருந்தார்கள். டீச்சர், முந்தின நாள் தான் எழுதிய கடிதத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கினார். கிழித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், மீன்பாடி வண்டி உட்பட. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏழு செடிய நாந்தான் பிடுங்கிப் போட்டேன் டீச்சர்" என்று விசும்பினாள். அப்பா குனிந்து பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியால் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கப்பல விட இது நல்லாத்தான் இருக்கு" என்றார். பாளையங்கோட்டைப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

மாசி முழுக்க அது பூத்தது. தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மீன்காரம்மா தன் குப்பத்திலிருந்து தினம் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, "இத்தத்தான் நாங்க வண்டில ஏத்திகினு போனோம்" என்று காட்டினாள். வகுப்பில் எனக்கு இரண்டாம் பெஞ்சு கிடைத்தது. நான் "சொல்லுதேன்" என்று பேசினால் இப்போதும் சிரித்தார்கள், ஆனால் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள். டீச்சர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, விதை கிடைக்குமா என்று கேட்டார். பெரிய மனுஷி தோரணையில், "இன்னும் முத்தலை டீச்சர். சித்திரைல வாங்க" என்றேன்.

சித்திரையில், முழுப் பரீட்சை விடுமுறையில், உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். செடி காய்ந்து சருகாகி நின்றது. இரண்டு பேரும் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, காய்ந்த காம்பை உதறி உதறி விதை சேர்த்தோம். அதில் பாதியைக் காகிதத்தில் மடித்து அவரிடம் கொடுத்தேன்.

"எத்தனை முளைக்கும்?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசித்தேன்.

"பாதி முளைக்கும், டீச்சர்."

அவர் தலையாட்டினார். பொட்டலத்தைக் கைப்பையில் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.